எடைக்குப் போடும் முன் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழில் பழைய வண்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் (பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஓட்டும் பழைய வகை) என்றாலே புகை, சாமான் கிடைக்காது, வேலை தெரிந்த மெக்கானிக்கும் இல்லை, அதனால் எடைக்குப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள் என்பதுதான் அதன் சாரம். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. இன்றைக்கும் எங்கள் ஊரில் பால் கேனும் மீன் கூடையும் சிமெண்ட் மூட்டையும் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் போகின்றன. அந்த வண்டிகளில் பலவற்றுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேலையும், பெட்ரோலைப் பற்றவைக்கப் பொறி தரும் ஒரு பிளக்கும் போதும், அப்புறம் பல மாதம் ஓடும். அதைச் சொல்லாமல் ‘தூக்கிப் போடு’ என்று மட்டும் எழுதினால் வண்டியை நம்பிப் பிழைப்பவர்களுக்கு அது நியாயம் இல்லை.

நான் மெக்கானிக் இல்லை. கும்பகோணத்தில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். எங்கள் வீட்டில் நிற்பது 1986ஆம் வருடத்து பஜாஜ் சேட்டக். அப்பா பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து எடுத்த வண்டி. சேட்டக்குக்காகப் பத்து வருடம் வரை காத்திருந்தவர்கள் உண்டு என்பது உங்கள் மூத்த வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். மகாராணா பிரதாப்பின் குதிரையின் பெயரோடு 1972இல் வந்தது. இப்போது அதே பெயரில் பேட்டரி ஸ்கூட்டர் ஓடுகிறது, அது வேறு கதை. பழைய சேட்டக் 145 சிசி, ஒற்றை சிலிண்டர், அவ்வளவுதான். வால்வு கிடையாது, கேம் கிடையாது, டைமிங் செயின் கிடையாது. பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க் (பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) மூன்றும்தான் இஞ்சினுக்குள் ஓடுகிற பெரிய சாமான்கள். இவ்வளவு எளிய இஞ்சினைப் பார்த்து ஏன் பயப்பட வேண்டும்?

முதலில் புகை விஷயத்துக்கு வருகிறேன். டூ ஸ்ட்ரோக் இஞ்சின் ஃபோர் ஸ்ட்ரோக்கை விட அதிகம் மாசு செய்யும் என்பது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. எரிந்த புகை வெளியே போகிற அதே நேரத்தில்தான் புது பெட்ரோல் உள்ளே வருகிறது. அதனால் அதில் ஒரு பங்கு எரியாமலேயே சைலன்சர் வழியாகப் போய்விடும். அது அந்த இஞ்சினின் பிறவிக் குணம். ஆனால் தெருவில் பின்னால் வருகிறவர் மூக்கைப் பொத்திக்கொள்ளும் அந்த வெள்ளைப் புகை பிறவிக் குணம் இல்லை. பெரும்பாலும் அளவில்லாமல் ஊற்றிய ஆயில்தான் அப்படிப் புகைகிறது. அதை நாமே நிறுத்தலாம்.

இந்த வண்டியில் இஞ்சினுக்குத் தனி ஆயில் கிடையாது. பெட்ரோலோடு கலந்து வரும் டூ டி ஆயில்தான் கிராங்க் பேரிங்கிலிருந்து பிஸ்டன் ரிங் வரை எல்லாவற்றுக்கும். (கைனடிக் ஹோண்டா மாதிரி சில வண்டிகளில் ஆயிலுக்குத் தனி டேங்க் இருந்தது, அது தானாகக் கலந்துகொள்ளும்.) சேட்டக்குக்கு அளவு 2 சதவீதம். லிட்டருக்கு 20 மில்லி, ஐந்து லிட்டர் போட்டால் 100 மில்லி. இதை யார் அளக்கிறார்கள்? பங்க்கில் நின்று “கொஞ்சம் ஆயில் விடுப்பா” என்கிறோம், அந்தப் பையனும் கைக்கு வந்தபடி விடுகிறான். எதற்கும் கூட இருக்கட்டும், இஞ்சினுக்கு நல்லதுதானே என்று இரண்டு பங்கு ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்லதில்லை. ஆயில் கூடினால் பிளக்கில் ஒட்டும், சைலன்சரில் கரி கட்டும். அது மட்டும் இல்லை, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரில் ஜெட் என்ற சின்னத் துளை வழியாக வருகிற அளவு ஒன்றுதான், அதில் ஆயில் கூடினால் பெட்ரோல் குறையும், இஞ்சின் சூடு ஏறும். ஆயில் குறைந்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

நான் இருமல் மருந்தோடு வரும் அளவு மூடி ஒன்றைக் கழுவி டிக்கியில் போட்டு வைத்திருக்கிறேன். 10 மில்லிக் கோடு அதில் இருக்கிறது, லிட்டருக்கு இரண்டு மூடி. முதலில் ஆயிலை ஊற்றி அதன் மேல் பெட்ரோல் போடச் சொன்னால் அது விழும் வேகத்திலேயே கலந்துவிடும். மாற்றிச் செய்தால் வண்டியை ஆட்டிக் கலக்க வேண்டும். அப்புறம் டப்பாவைப் பார்த்து வாங்குங்கள். ஜாசோ எஃப்சி (ஜப்பானியத் தரக் குறி) என்று அச்சிட்டிருந்தால் அது புகை குறைந்த வகை. காரிலும் பைக்கிலும் ஊற்றும் ஃபோர் ஸ்ட்ரோக் இஞ்சின் ஆயிலை மிச்சம் இருக்கிறதே என்று இதில் ஊற்றவே கூடாது. அது எரிவதற்காகச் செய்த ஆயில் இல்லை, சாம்பலும் கரியுமாக உள்ளே தங்கிவிடும்.

இனி எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் வண்டி ஒரு புதுப் பழக்கம் பழகியது. காலையில் ஒரே உதையில் கிளம்பும், நாலைந்து கிலோமீட்டர் அழகாக ஓடும், சுவாமிமலை போகும் வழியில் நடு ரோட்டில் மூச்சு வாங்கி நின்றுவிடும். பத்து நிமிடம் நிழலில் நிறுத்தினால் மறுபடி கிளம்பும், மறுபடி நிற்கும். ஒரு பட்டறையில் காட்டினேன். சைலன்சரில் கை வைத்துப் பார்த்தார்கள், கிக்கரை இரண்டு தடவை அமுக்கினார்கள், “போர் போயிடுச்சு சார், கிராங்க்கும் பார்க்கணும், ஒன்பதாயிரம் ஆகும், பேசாம குடுத்துடுங்க” என்றார்கள். குடுத்துடுங்க என்றது பட்டறைக்கு இல்லை, பழைய இரும்புக் கடைக்கு.

நான் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தேன். போர், அதாவது சிலிண்டரின் உள்சுவர், தேய்ந்த வண்டி காலையில் ஒரே உதையில் எப்படிக் கிளம்பும்? மறுநாள் அதே ரோட்டில் போனேன், அதே இடத்தில் நின்றது. இந்தத் தடவை காத்திருக்காமல் சீட்டைத் தூக்கி பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்தேன். ‘உஸ்ஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தது. உதைத்தேன், உடனே கிளம்பியது. விஷயம் இதுதான். மூடியில் காற்று போக ஒரு சின்ன ஓட்டை உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அதன் வழியாகக் காற்று உள்ளே வந்தால்தான் மிச்சப் பெட்ரோல் கீழே இறங்கும். அதற்கு முந்தைய மாதம் அந்தப் பட்டறையில்தான் மூடிக்குப் புது ரப்பர் வாசர் போட்டிருந்தார்கள், பழைய டியூபில் வட்டமாக வெட்டிய வாசர். அது அந்த ஓட்டையை முழுசாக மூடிவிட்டது. கோணூசியைச் சூடு பண்ணி ரப்பரில் ஒரு துளை போட்டேன். ஒன்பதாயிரம் ரூபாய் வேலை அத்தோடு முடிந்தது, அதற்குப் பிறகு அந்தக் காரணத்துக்காக வண்டி ஒரு நாளும் நின்றதில்லை.

அந்தப் பட்டறைக்காரர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. பழுது பார்ப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது, அதைத் தாண்டிக்கொண்டு இஞ்சினைப் பிரிக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். பெட்ரோல் வருகிறதா, பிளக்கில் கரண்ட் வருகிறதா, கம்ப்ரஷன் (பிஸ்டன் உள்ளே அழுத்தும் பலம்) இருக்கிறதா, இந்த மூன்றையும் இதே வரிசையில் பாருங்கள். கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்கினால் ஒரு இடத்தில் கெட்டியாக எதிர்க்க வேண்டும். எதிர்த்தால் கம்ப்ரஷன் இருக்கிறது, போர் பேச்சை அத்தோடு விட்டுவிடலாம். கார்பரேட்டருக்குப் போகும் ட்யூபைக் கழற்றி பெட்ரோல் டேப்பைத் திறந்தால் பெட்ரோல் தடையில்லாமல் ஓட வேண்டும், சொட்டு சொட்டாக வந்தால் டேப்பிலோ மூடியிலோ அடைப்பு. இதைச் செய்யும்போது பக்கத்தில் விளக்கு, பீடி, அடுப்பு எதுவும் கூடாது. வண்டியைத் திறந்த வெளியில் வைத்துத்தான் செய்ய வேண்டும்.

பிளக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் டூ ஸ்ட்ரோக்கில் பாதி நோய் பிளக்கின் முகத்தில் தெரிந்துவிடும். பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டுக் கழற்றிப் பாருங்கள். நுனி காபிப்பொடி நிறத்தில் இருந்தால் எல்லாம் சரி. வெள்ளையாகச் சுண்ணாம்பு பூத்தாற்போல் இருந்தால் பெட்ரோல் போதவில்லை அல்லது எங்கோ காற்று இழுக்கிறது, அதை உடனே கவனியுங்கள், அடுத்து பிஸ்டன்தான். கன்னங்கரேலென்று உலர்ந்த மசியாக இருந்தால் பெட்ரோல் கூடுதல். கறுப்பாக ஈரத்தோடு பிசுபிசுத்தால் ஆயில் கூடுதல், அல்லது கரண்ட் பலவீனம். கம்பி பிரஷ்ஷாலோ உப்புத்தாளாலோ துடைத்து, 0.6 மில்லிமீட்டர் இடைவெளி வைத்துப் போடுங்கள். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் எந்த ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கும். கரண்டைப் பார்க்க பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் உலோக உடம்பு இஞ்சினைத் தொடும்படி வைத்து உதைக்க வேண்டும். நீலமாகச் ‘சட் சட்’ என்று அடித்தால் நல்லது. மஞ்சளாக மெலிந்து வந்தால் பாயிண்ட் (கரண்டை விட்டு விட்டுத் தரும் முனை) கறுத்திருக்கும், அல்லது அதோடு சேர்ந்த கண்டன்சர் போயிருக்கும். குளிர்ந்திருக்கும்போது ஓடி, சூடு ஏறியதும் கரண்டே வராமல் நின்றால் நான் முதலில் சந்தேகப்படுவது கண்டன்சரைத்தான், அப்புறம் பிளக்குக்குக் கரண்டைக் கூட்டித் தரும் காயில். பிளக் கழற்றிய ஓட்டைக்குப் பக்கத்தில் வைத்து மட்டும் இதைச் செய்யாதீர்கள், உள்ளிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும்.

என் மகளைப் பிளஸ் டூ பரீட்சைக்கு அழைத்துக்கொண்டு போன அன்று தாராசுரம் தாண்டியதும் வண்டி சட்டென்று அணைந்தது. இருமல் இல்லை, முக்கல் இல்லை, ஸ்விட்சை நிறுத்தியது மாதிரி. எட்டு நிமிடத்துக்குள் அவள் பள்ளிக்கூட வாசலில் இருக்க வேண்டும், பின்னால் உட்கார்ந்திருந்தவள் ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. டிக்கியிலிருந்து பாக்ஸ் ஸ்பேனரை எடுத்து, சூடான பிளக்கைக் கைக்குட்டையால் பிடித்துக் கழற்றி வெயிலில் தூக்கிப் பார்த்தேன். நடு முனைக்கும் மேலே வளைந்த முனைக்கும் இடையில் ஒரு கரி இழை, புருவ முடியை விட மெலிசு, பாலம் போட்டது மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் தாண்டிக் குதிக்காமல் அந்த இழை வழியாகவே போய்விடும், பொறியே வராது. சட்டைப்பையில் இருந்த பஸ் டிக்கெட்டின் ஓரத்தை இடையில் விட்டு ஒரு இழுப்பு, இழை விழுந்தது. மாட்டினேன், இரண்டாவது உதையில் கிளம்பியது. மூன்று நிமிடம் கூட ஆகியிருக்காது. அன்றைக்கு அந்த பிளக்கைக் கழற்றத் தெரியாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. அந்த இழை ஆயில் கூடினால் வருகிற வியாதி. அன்றிலிருந்துதான் இருமல் மருந்து மூடி டிக்கிக்கு வந்தது.

கார்பரேட்டரைத் தொடுவதற்குத்தான் நம் மக்கள் அதிகம் பயப்படுகிறார்கள். சேட்டக்கில் வலது பக்க டோம்மை (இஞ்சினை மூடியிருக்கும் தகட்டை) கழற்றினால் கார்பரேட்டர் பெட்டி. மூடியைத் திறந்து, ஏர் ஃபில்டரைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூவை எடுத்தால் ஜெட்டுகள் மேலிருந்தே தெரியும். எதையும் கழற்றும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், கீழே ஒரு பழைய வேட்டியை விரித்துக்கொள்ளுங்கள், வாசர் ஒன்று தரையில் உருண்டால் கிடைக்காது. ஜெட்டைக் கழற்றிப் பெட்ரோலில் ஊற வைத்து சைக்கிள் பம்பால் காற்றடித்தால் போதும், வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டை வட்டமாகத் தெரிய வேண்டும். ஊசி, கம்பி எதையும் விடாதீர்கள். அது பித்தளை, ஓட்டை ஒரு மயிரிழை பெரிதானாலும் அப்புறம் எவ்வளவு ட்யூன் பண்ணினாலும் சரிவராது. ஏர் ஃபில்டரைப் பெட்ரோலில் அலசி, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். வண்டியைச் சாய்த்துச் சாய்த்துத்தான் கிளப்ப முடிகிறது என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். தினமும் சாய்க்க வேண்டியிருந்தால் கார்பரேட்டரில் பெட்ரோல் தங்கும் ஃப்ளோட் கிண்ணத்துக்கு பெட்ரோல் ஒழுங்காக வரவில்லை என்று அர்த்தம், அங்கே இருக்கும் பெட்ரோல் ஃபில்டரையும் பெட்ரோலைத் திறந்து மூடும் நீடிலையும் கழுவுங்கள்.

ட்யூனிங்குக்கு இரண்டே ஸ்க்ரூ. மேலே இருப்பது ஐட்லிங், வண்டி நிற்கும்போது இஞ்சின் சுற்றும் வேகத்துக்கானது. பெட்டியின் பின்பக்கம் ரப்பர் அடைப்புக்கு உள்ளே இருப்பது மிக்ஸர், பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவுக்கானது. வண்டியை நாலு கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்கிவிட்டுத்தான் இதில் கை வைக்க வேண்டும். குளிர்ந்த இஞ்சினில் செய்கிற ட்யூனிங் முதல் சிக்னலிலேயே தெரிந்துவிடும். மிக்ஸரை மெதுவாக உள்ளே முட்டும் வரை திருகி, இறுக்காமல், அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள், அதுதான் ஆரம்பம். ஐட்லிங்கைச் சற்றுக் கூட்டி வைத்துக்கொண்டு மிக்ஸரைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பிக் காதைத் தீட்டிக் கேளுங்கள். ஒரு இடத்தில் இஞ்சின் தானாகவே வேகம் கூடிச் சீராகும், அதுதான் இடம். அங்கிருந்து கொஞ்சம், சுற்றில் எட்டில் ஒரு பங்கு, பெட்ரோல் கூடும் பக்கம் வைத்துவிட்டு ஐட்லிங்கைக் குறையுங்கள். ஆக்சிலேட்டரைச் சட்டென்று திருகினால் திக்காமல் ஏற வேண்டும், விட்டால் உடனே இறங்க வேண்டும். விட்ட பிறகும் வேகம் மெதுவாகத்தான் இறங்குகிறது என்றால் பெட்ரோல் போதவில்லை, அல்லது எங்கோ காற்று இழுக்கிறது.

இதில் பலரும் தடுக்கி விழும் ஒரு இடம் உண்டு. சேட்டக்கில் மிக்ஸரை வெளியே எடுத்தால் பெட்ரோல் கூடும். ஆனால் வேறு பல மொபெட், ஸ்கூட்டர் கார்பரேட்டர்களில் அந்த ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கமாக இருக்கும், அதை வெளியே எடுத்தால் காற்று கூடும், பெட்ரோல் குறையும். ஸ்க்ரூ ஃபில்டர் பக்கமா இஞ்சின் பக்கமா என்று முதலில் பார்த்துவிட்டுத் திருகுங்கள், ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருகியவர்களின் வண்டியைச் சரிசெய்யத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்திருக்கிறது.

எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டு வருகிற அம்மா ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் வைத்திருக்கிறார். முன்னால் இரண்டு கூடை, பின்னால் ஒரு சாக்கு. ஒருநாள் வாசலில் நின்று, “அண்ணே, வண்டி பெட்ரோலைக் குடிக்குதுண்ணே. சம்பாதிக்கிறதுல பாதி பங்க்குக்கே போவுது. வித்துடலாம்னு இருக்கேன்” என்றார். “வித்துட்டு எதுல போவீங்க? முதல்ல பிளக்கைப் பாப்போம், நில்லுங்கம்மா” என்று கழற்றினேன். மசி மசியாகக் கறுப்பு, தொட்டால் விரலில் மை மாதிரி ஒட்டியது. ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சில் வருடக்கணக்கான தூசி. அதைக் கழுவினோம், கொஞ்சம் தேவலை, ஆனால் முழுசாகச் சரியாகவில்லை. அப்புறம்தான் சோக்கைப் பார்த்தேன், குளிர்ந்த வண்டியைக் கிளப்ப மட்டும் பெட்ரோலைக் கூட்டித் தருகிற அமைப்பு அது. லீவர் கீழே இறங்கித்தான் இருந்தது, ஆனால் உள்ளே சோக் முழுசாக மூடவில்லை, துரு பிடித்துப் பாதியில் நின்றிருந்தது. அதாவது அந்த வண்டி பல மாதமாகச் சோக் போட்ட நிலையிலேயே ஊரெல்லாம் ஓடியிருக்கிறது. துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, தானாகத் திரும்புகிறதா என்று பத்துத் தடவை பார்த்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் வந்து, நூறு ரூபாய் பெட்ரோல் இப்போது இரண்டு நாள் கூட வருகிறது என்று சொல்லிவிட்டு ஒரு கட்டு முருங்கைக்கீரையைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். அந்த வண்டியை எடைக்குப் போட்டிருந்தால் இவ்வளவு தூரம் அந்தக் கூடைகளை யார் சுமப்பது?

வண்டிக்கு பிக்கப் இல்லை, நாற்பதுக்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது, இஞ்சின் சூடாகிறது என்று வந்தால் நான் கார்பரேட்டரைத் தொடவே மாட்டேன், நேரே சைலன்சர்தான். டூ ஸ்ட்ரோக்கில் எரிந்த ஆயில் கரியாகச் சைலன்சர் வாயிலும் சிலிண்டரின் புகை போகும் துவாரத்திலும் படியும். ரூபாய் அளவு துவாரம் கட்டைவிரல் நுழையாத அளவுக்குச் சுருங்கியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூச்சை வெளியே விட முடியாதவன் எப்படி ஓடுவான்? நான் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை சைலன்சரைக் கழற்றிச் சுரண்டுகிறேன். சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டையும் கழற்றினால் பிஸ்டன் தலையையும் சுத்தம் செய்யலாம். பிஸ்டனை மேலே கொண்டுவந்து நிறுத்தி, ஓரத்தில் கிரீஸ் தடவிக்கொண்டால் கரித்தூள் உள்ளே இறங்காது. சுரண்டுவதற்கு இரும்பு வேண்டாம், ஸ்க்ரூ டிரைவர் வேண்டவே வேண்டாம். பிஸ்டனும் ஹெட்டும் அலுமினியம், கீறல் விழும், விழுந்த கீறலில்தான் அடுத்த கரி முதலில் பிடிக்கும். கூடை முடைகிறவரிடம் ஒரு மூங்கில் பத்தை வாங்கி உளி மாதிரிச் சீவிக்கொள்ளுங்கள். கரி பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து வரும், கீழே வெள்ளி மாதிரி உலோகம் தெரியும்போது ஒரு திருப்தி வரும் பாருங்கள். ஹெட் நட்டுகளைத் திரும்ப முடுக்கும்போது குறுக்காக, எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக. இஞ்சின் மேல் இருக்கும் கவரை மறக்காமல் மாட்டுங்கள். அது அழகுக்காக வைத்ததில்லை, மேக்னட்டில் (கரண்ட் தயாரிக்கும் சக்கரத்தில்) இருக்கும் ஃபேன் அடிக்கும் காற்றைச் சிலிண்டர் மேல் திருப்பிவிடுவதே அதுதான். அதைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு இஞ்சின் சீஸ் ஆகிறது (பிஸ்டன் பிடித்துக்கொள்கிறது) என்று அழுதவர்கள் உண்டு.

சீஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. ஏற்காடு மாதிரி மலையிலிருந்து இறங்கும்போது ஆக்சிலேட்டரை முழுசாக மூடிக்கொண்டு கியரிலேயே நெடுந்தூரம் இறங்காதீர்கள். ஆக்சிலேட்டரை மூடினால் பெட்ரோல் மட்டும் இல்லை, அதோடு வருகிற ஆயிலும் நின்றுவிடும், இஞ்சினோ வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். நடுநடுவே கொஞ்சம் கொஞ்சம் திருகிவிட்டு இறங்குங்கள்.

எல்லாவற்றையும் வீட்டில் செய்யலாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயில் அளவு சரி, பிளக் சரி, ஆனாலும் வெள்ளைப் புகை மேகமாக வருகிறது, கியர் பெட்டியில் விட்ட ஆயில் வாரா வாரம் குறைகிறது என்றால் கிளட்ச் பக்கத்து ஆயில் சீல் (ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) போய்விட்டது, கியர் ஆயிலை இஞ்சின் உறிஞ்சுகிறது. ஐட்லிங் தானாக ஏறி இறங்காமல் கத்துகிறது, பிளக் வெள்ளை, கார்பரேட்டர் போல்ட்டெல்லாம் இறுக்கம் என்றால் மேக்னட் பக்கத்துச் சீல் காற்று இழுக்கிறது. இரண்டும் தெரிந்த மெக்கானிக்கின் வேலை. ஆனால் ‘என்னமோ ஆச்சு, பாருங்க’ என்று வண்டியை விட்டுவிட்டு வராமல், ‘கிளட்ச் பக்கம் சீல் போயிருக்கு’ என்று சொல்லி விட்டால் வேலை சீலோடு நிற்கும், கிராங்க் வரைக்கும் போகாது.

சரி, நாம் செய்த ட்யூனிங் நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? புகைச் சான்று எடுக்கும் இடத்திலேயே அதற்கு வழி இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. 2000ஆம் வருடம் மார்ச் 31 வரை தயாரான இருசக்கர வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் (எரியாத பெட்ரோல்) 9000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 9000 பங்கு) வரை அனுமதி. அதற்குப் பிறகு வந்த டூ ஸ்ட்ரோக்குக்கு 3.5 சதவீதம், 6000 பிபிஎம். சான்றிதழில் இந்த எண்கள் அச்சாகியே வரும். அதை மடித்துப் பையில் வைக்காமல் படியுங்கள். கார்பன் மோனாக்சைடு கூடினால் மிக்ஸரில் பெட்ரோல் அதிகம், ஏர் ஃபில்டர் அடைப்பு. அது சரியாக இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறினால் பிளக் மிஸ்ஸிங் அடிக்கிறது (நடுநடுவே பொறி தவறுகிறது), அல்லது ஆயில் அதிகம். 1986ஆம் வருடத்து என் வண்டி ஒவ்வொரு தடவையும் இந்த அளவுக்குள் நின்றுதான் சான்று வாங்குகிறது. வண்டியைக் கொண்டு போகாமல் சான்று வாங்குகிறவர்களும் ஊரில் இருக்கிறார்கள். டூ ஸ்ட்ரோக்குக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருவதில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

இன்னொரு முக்கியமான விஷயம் எத்தனால். 2023இலிருந்து 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பம்புகளுக்கு வரத் தொடங்கி, இப்போது பரவலாகிவிட்டது. இந்தப் பழைய வண்டிகளின் ரப்பர் அதை நினைத்துச் செய்ததில்லை. பெட்ரோல் ட்யூப் ஊறி மெத்தென்று ஆகிவிடும், ஃப்ளோட் கிண்ணத்து கேஸ்கெட் உப்பும். ட்யூபை வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், விரலால் கிள்ளினால் மெத்தென்று இருந்தால் உடனே. எத்தனாலில் ஏற்கெனவே ஆக்ஸிஜன் இருப்பதால் பழைய செட்டிங்கில் இஞ்சினுக்குப் பெட்ரோல் போதாமல் போகும், பிளக் வெளுக்கும். மிக்ஸரைக் கால் சுற்று பெட்ரோல் பக்கம் வைத்துப் பாருங்கள், அதற்கும் சரியாகவில்லை என்றால் மெயின் ஜெட் ஒரு நம்பர் பெரிதாகப் போட வேண்டும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். ஒரு மாதத்துக்கு மேல் வண்டியை நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேப்பை மூடிவிட்டு, தானாக நிற்கும் வரை ஐட்லிங்கில் ஓட விடுங்கள், கார்பரேட்டரில் எதுவும் தங்காது.

ஆசிரியர் அவர்களே, கட்டுரை எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னதில் ஒன்று உண்மை, இந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள். சின்ன வயதில் என் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துத்தான் நான் கற்றுக்கொண்டேன், இன்றைக்கு அப்படிக் கற்றுக்கொள்ள எங்கே வழி? உங்கள் நாளிதழில் சமையலுக்குப் பக்கம் இருக்கிறது, வீட்டுத் தோட்டத்துக்குப் பக்கம் இருக்கிறது. வாரம் ஒரு அரைப் பத்தி, வண்டியை வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி என்று எழுத இடம் கொடுங்கள். வேலை தெரிந்த மூத்த மெக்கானிக்குகள் இன்னும் ஒவ்வொரு ஊரிலும் ஒன்றிரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களைப் பேச வைத்து எழுதுங்கள், கீரைக்கார அம்மா படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில். அப்படியே ஒவ்வொரு பெட்ரோல் பங்க்கிலும் டூ டி ஆயிலுக்கு 20 மில்லி அளவுக் கோப்பை ஒன்று வைக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். படம் வேண்டும் என்றால் உங்கள் புகைப்படக்காரரை அனுப்பி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேல் என் சேட்டக் வாசலில் பிரிந்துதான் கிடக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்,
கும்பகோணம்.